அம்மம்மாவின் பயம் பேரனுக்கு எப்படி வந்தது?

பூவரசு (கோண்டாவில்)

இந்தக் களத்தில் வாசித்துவிட்டுப் பேசாமல் போகிறவள் நான். இன்றைக்கு ஒரு விசயம் கேட்க வேண்டியிருக்கிறது.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது, கிரிக்கெட் பைத்தியம். தெற்கில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் ஒரு பெடியன் இவனைக் 'கொட்டியா' (சிங்களத்தில் புலி) என்று கூப்பிட்டிருக்கிறான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். பயிற்றுநர் கேட்டும் கேளாத மாதிரி நின்றாராம். 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. புலி என்றால் அவனுக்கு வங்கதேச அணிதான் நினைவுக்கு வரும். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டால் கால் நோகுது என்கிறான்.

என் அம்மா, அதாவது அவனுடைய அம்மம்மா, கேட்டதும் சொன்ன ஒரே வார்த்தை, "நான் அப்பவே சொன்னனான்."

அம்மா 1983 இனக்கலவரத்தின்போது கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவ. எல்லாம் இழந்து, அகதி முகாமில் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினவ. பிறகு 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவ. இதெல்லாம் எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். அவவிடம் கேட்டால் "அது முடிஞ்ச கதை" என்று எழும்பிப் போய்விடுவா. ஆனால் கட்டில் தலைமாட்டில் இன்றைக்கும் ஒரு கறுப்புத் தோள்பை இருக்கிறது. காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் ஓய்வூதிய அட்டை, ஒரு டோர்ச், ஒரு பைக்கற் மாரி பிஸ்கற். பிஸ்கற்றை மட்டும் மாதா மாதம் மாற்றுவா.

போன கிழமை அந்தப் பையில் என் மகனின் கிரிக்கெட் சான்றிதழ்கள் இருந்தன. யாரும் வைக்கச் சொல்லவில்லை. தானாக வைத்திருக்கிறான்.

எனக்கு விளங்கவில்லை. யாரும் எதையும் சொல்லாத வீட்டில் இது எப்படிக் கைமாறுகிறது? அவனுக்குப் பழையதைச் சொல்ல வேண்டுமா, விடவா?

தட்டிவான் (உடுவில்)

பிள்ளை, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது என் தகப்பனார் கொழும்பில் எழுதுவினைஞர். சிங்களம் படித்துச் சித்தியடையாவிட்டால் மேலே போக முடியாது என்றார்கள். 1958 கலவரத்தில் ஊருக்கு ஓடிவந்தார், பிறகு அதே கந்தோருக்குத் திரும்பிப் போனார். 1977இல் இன்னொரு முறை ஓடிவந்தார். 1981 யூனில் ஒரு காலை நான் சைக்கிளில் போய் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பார்த்தேன். 97 ஆயிரம் புத்தகம். அப்போதும் புகை அடங்கவில்லை. அதற்காக நாங்கள் ஒருவரும் டொக்டரிடம் போகவில்லை. பிள்ளைகளைப் படிப்பித்தோம், அவர்கள் முன்னேறினார்கள். உங்கள் மகனிடம் அடுத்த முறை சதம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு மருந்து எதற்கு?

கச்சான் (திருநெல்வேலி)

ஐயா, கோபிக்கக் கூடாது. அந்தப் 'படிப்பித்தோம்' என்பதுதான் எங்கள் வீட்டு வருத்தமே.

1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதினவருக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதினவருக்கு 250 வேண்டும் என்று தொடங்கி, பிறகு மாவட்டக் கோட்டாவும் சேர்ந்துகொண்டது. என் அப்பா அதில் மாட்டுப்பட்டவர். அவருடைய உயர்தரப் பெறுபேற்றுத் தாள் பொலித்தீன் உறைக்குள் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு அடி விழும் நாளெல்லாம் அது வெளியே வரும். "எனக்கு இவ்வளவு வந்தும் விடேல்லை, உனக்கு விடுவாங்களோ?" 92 எடுத்ததற்கும் அடி வாங்கினேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தான் 92 எடுத்தால் காணாது.

விடிய ஐந்து மணிக்கு ரியூசன், பாடசாலை விட்டதும் ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் ரியூசன். ஊர் முழுக்க இதைத்தான் பண்பாடு என்று சொல்கிறது. எனக்கு இப்போது முப்பத்தாறு வயது. என் மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப் போகிறாள். மாதிரித் தாளில் பிழை விட்டால் என் கை தானாக எழும்புகிறது. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கையை எனக்குத் தந்தது யார் என்று பார்த்தால் அப்பாவோடு நிற்காது, கல்வியமைச்சு வரை போகும்.

தட்டிவான் (உடுவில்)

தம்பி, நீர் சொல்வது ஒரு பக்கம். அந்த அடியில் படித்துத்தான் நீர் இப்போது இப்படி எழுதுகிறீர்.

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

நான் உளசமூகப் பணியாளர், வைத்தியர் இல்லை. பூவரசு அக்கா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது மரபணுக் கதைதான். ரேச்சல் யெஹூடா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, நாசி இனவழிப்பில் தப்பிய யூதர்கள் 32 பேரையும் அவர்களுக்குப் பிறந்த 22 பேரையும் பரிசோதித்தது. நெருக்கீட்டைச் சமாளிக்கும் ஹோர்மோன்களோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் இயக்கத்தில் மாற்றம் தெரிகிறது என்று 2015இல் எழுதியது. பத்திரிகைகள் 'பயம் இரத்தத்தில் வருகிறது' என்று தலைப்புப் போட்டன. இவ்வளவு சிறிய தொகையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று மற்ற விஞ்ஞானிகள் மறுத்தார்கள். மனிதரில் அது இன்னும் முடிவாகாத விசயம். உங்கள் மகனின் இரத்தத்தில் 1983 இருக்கிறதா என்று தேடிக்கொண்டு போகத் தேவையில்லை, அது கட்டில் தலைமாட்டிலேயே இருக்கிறதே.

பிள்ளை பார்ப்பது பெரியவர்களின் முகத்தை. ஒழுங்கையில் கனரக வாகனம் ஒன்று போனால் அம்மம்மாவின் கை ஒரு கணம் நிற்கும். கதவு தட்டப்பட்டால் முதலில் லைற்றை நூர்ப்பா. சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் உடைக்காமல் மேசையில் வைத்துவிட்டு யோசிப்பா. (1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கடிதங்களுக்கு அது இன்னும் தெரியாது போலிருக்கிறது.) இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு 'ஏதோ இருக்கிறது' என்று தெரியும், என்ன என்று தெரியாது. சொன்ன கதைக்கு ஒரு அளவு உண்டு. சொல்லாத கதையைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும், அதற்கு அளவே கிடையாது.

இன்னொரு வழி, கச்சான் சொன்ன வழி. கிளவ்டியா கற்றானியும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இங்கே வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் 296 பேரோடு கதைத்தார்கள். போரை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளும்தான் வீட்டுக்குள்ளும் அதிகம் அடி வாங்குகிறார்கள் என்று வந்தது. ஷெல் நின்றதும் சண்டை முடிந்துவிடவில்லை, வேலிக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வன்னியில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன: தாய் தகப்பனின் அன்பும் கவனிப்பும் தனக்குக் கிடைக்கிறது என்று உணர்கிற பிள்ளை, எவ்வளவு பார்த்திருந்தாலும், உள்ளுக்குள் ஒடுங்கிப் போவது குறைவு. எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை தருவது அதுதான்.

தட்டிவான் ஐயா, 'டொக்டரிடம் போகவில்லை' என்றீர்கள். போனார்கள் ஐயா. நெஞ்சடைப்பு, தலையிடி, நாரிப்பிடிப்பு, நித்திரை இல்லை என்று சொல்லிப் போனார்கள். பார்வை பார்க்கப் போனார்கள், நூல் கட்டினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இங்கே போர்க்காலத்தில் பல வருசம் மனநல வைத்தியராக இருந்து எழுதியவற்றைப் பாருங்கள். எங்கள் ஆட்களின் பெருமூச்சைக்கூட அவர் விடவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, இங்கே காயப்பட்டது தனி ஆட்கள் மட்டுமில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டன என்பது. 2009இல், சண்டை முடிந்த கையோடு, யாழ் மாவட்டத்தில் எடுத்த கணக்கு ஒன்று 2011இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. மனவடு நோய் 7 வீதம். மனச்சோர்வு 22 வீதம். பதகளிப்போ மூன்றில் ஒருவருக்கு.

மயிலிட்டியான் (மல்லாகம்)

எல்லாரும் 'பிறகு', 'பிறகு' என்று எழுதுகிறீர்கள். எதற்குப் பிறகு?

என் அப்பப்பா 1990இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டார். அப்பா முகாமில் கலியாணம் கட்டினார். நான் முகாமில் பிறந்தேன். கடல் நடந்து போகிற தூரத்தில், ஆனால் நடுவில் கம்பிவேலி, உயர் பாதுகாப்பு வலயம். 2017 யூலையில் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். அப்பப்பா இல்லை. அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்து படுத்தார். எங்கள் வீட்டுக் காணி விடுபட்ட துண்டில் இல்லை, அது இன்னும் உள்ளுக்குள்தான்.

முகாமுக்கு உளவளத்துணை என்று வந்து போனவர்கள் கணக்கில்லை. பனர் கட்டுவார்கள், வட்டமாக இருக்கச் சொல்வார்கள், மனதில் இருப்பதைப் படமாகக் கீறச் சொல்வார்கள், ரோல்சும் தேத்தண்ணியும் தருவார்கள். நாங்கள் வீடு கீறுவோம். அவர்கள் 'பாதுகாப்புக்கான ஏக்கம்' என்று எழுதிக்கொண்டு போவார்கள். அது ஏக்கம் இல்லை ஐயா, அது எங்கள் வீடு. அதற்கு உறுதி இருக்கிறது.

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

தம்பி, நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. காணிக்குப் பதிலாக உளவளத்துணை தரும் வேலையை நானும் வெறுக்கிறேன். ரோல்ஸ் தந்தவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

ஈச்சமரம் (பருத்தித்துறை)

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. அண்ணா 1996இல் வேலைக்குப் போன வழியில் பிடிபட்டார். அவ்வளவுதான் தெரியும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு 2016இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்றால் 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' எடுக்கலாம். அதற்கு முன்னம் மரணச் சான்றிதழ் மட்டும்தான். எங்களுக்கு அண்ணாவின் பேரில் இருந்த வளவை மாற்ற ஏதோ ஒரு தாள் வேண்டும், அக்காவின் சீதனம் அதில்தான். அம்மா கையெழுத்து வைக்க மாட்டேன் என்றா. "நான் வைச்சால் நான்தான் அவனைக் கொன்றதா இருக்கும்." அக்கா, "அப்ப என்ர வாழ்க்கை?" இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருசக் கணக்காக என் மூலம் கதைத்தார்கள். அக்காவின் கலியாணம் தள்ளிப் போய்க் கடைசியில் நடக்கவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு ஊர் முழுக்கக் கீரிமலைக்குப் போகும். அண்ணாவுக்கு அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை, செய்தால் செத்ததாகிவிடும். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டினார்கள். சின்னப் பிள்ளைகளின் எலும்புக்கூடுகள் வந்தன, ஒரு நீலநிறப் புத்தகப் பை வந்தது. அம்மா ரீவிக்கு முன்னால் நிலத்தில் இருந்து ஒவ்வொரு துணித்துண்டாகப் பார்த்தா. அண்ணா அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன சேட்டின் நிறம் எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும். அவள் பிறந்தது 2011.

ஸ்காபுறோ வாசி (ரொறன்ரோ)

ஈச்சமரம், வாசித்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இங்கே பனிக்குள் இருக்கிற எங்களுக்கு வேறு கூத்து. 2010 ஓகஸ்ட்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர் வன்கூவர் பக்கம் வந்து இறங்கியபோது வானொலியில் 'திருப்பி அனுப்பு' என்று சனம் கத்தியது. என் மகள் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடம். வகுப்பில் ஒரு பிள்ளை "உன்னுடைய அப்பாவும் கப்பலில் ஒளித்து வந்தவரா" என்று கேட்டதாம். நான் விமானத்தில் வந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். பெருமைப்பட ஒன்றுமில்லை, ஏஜன்சிக்குக் கட்டின காசு கூட, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்தது, ஒன்றரை இலட்சம் பிள்ளைகளுக்கு மேல். தாய்மொழி பேசினால் அடி. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளோடு முடிந்தது. மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, அந்தப் பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளைக் கொஞ்சத் தெரியாமல் போனது என்று விளக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "அதனாலதான் நீங்களும் இப்படியோ?" என்றாள். நான் இரவில் கத்துவது அவளுக்கு அறைச் சுவர் வழியாகக் கேட்டுத்தான் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல் கராஜுக்குள் போய்விட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார் மகன் வளர்ந்ததும் இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள்: பொலிஸ் மறித்தால் கையை வெளியே தெரிய வை, குரலை உயர்த்தாதே, பைக்குள் கை விடாதே. எங்கள் அம்மா வாசலில் நின்று "ஐ.சி. எடுத்தியா? சென்றியில சிரிக்காத" என்று சொல்லி அனுப்பியதும் அதேதான். இரண்டு தாய்மாரும் பிள்ளையை உயிரோடு திருப்பிக் கொண்டுவரத்தான் அதைச் சொன்னார்கள். அதனால் பூவரசின் அம்மாவை ஒருவரும் நோயாளி என்று எழுதாதீர்கள். அந்தப் பையால்தான் அவர்கள் காணி உறுதியோடு பாலம் கடந்திருப்பார்கள்.

சோனகதெரு (யாழ்ப்பாணம் / புத்தளம்)

முழு இழையும் வாசித்தேன். 1956, 58, 77, 81, 83, 95, 2009 எல்லாம் இருக்கிறது. 1990 ஒரு முறை வந்தது, மயிலிட்டிக்காக.

பூவரசு அக்கா, உங்கள் அம்மா பாலம் கடந்தது 1995 ஒக்ரோபர் 30. என் உம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது 1990 ஒக்ரோபர் 30. அதே திகதி. ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லிப் புலிகள் அறிவித்தார்கள், இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். வடக்கு முழுக்க ஏறக்குறைய 75 ஆயிரம் முஸ்லிம்கள். எங்களை மறித்து நகையைக் கழற்றியவர்கள் சிங்களம் பேசவில்லை, உங்களையும் என்னையும் மாதிரித் தமிழ்தான் பேசினார்கள். உம்மாவின் தோட்டைக் கழற்றிய பெடியன் "அக்கா, கோபிக்காதேங்கோ" என்று சொல்லிக் கழற்றினானாம். உம்மா அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவா.

நான் பிறந்தது புத்தளத்தில். அங்கே எங்களுக்குப் பெயர் அகதி. இங்கே திரும்பி வந்தால் 'வந்தான் வரத்தான்'. வாப்பா சோனகதெருவில் தையல் கடை வைத்திருந்தவர். 2002இல் ஏ9 திறந்த பிறகு யாராவது யாழ்ப்பாணம் போனால் 'உதயன்' பத்திரிகை வாங்கிவரச் சொல்வார். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் வாசிப்பார். தன்னிடம் கலியாணச் சேட் தைத்தவர்களில் யார் போய்விட்டார்கள் என்று பார்ப்பதற்கு. ஒரு முறை ஒரு பெயரைக் கண்டு அழுதார். தமிழ்ப் பெயர். அவ்வளவு கூட்டாளி என்றால் அவர் ஏன் அன்றைக்கு மைதானத்துப் பக்கம் வரவில்லை என்று நான் கேட்டேன். வாப்பா எனக்கு அறைந்தார். என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே அறை.

செவ்விளநீர் (நல்லூர்)

மன்னிக்க வேண்டும். செம்மணியில் பிள்ளைகளின் எலும்பு வெளியே வருகிற நேரத்தில் எங்கள் குற்றத்தை நாங்களே தேடி எழுதுவதால் யாருக்கு இலாபம்? 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தலைக்கு மேலே எத்தனை வருசமாகத் தொங்குகிறது? முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சியதற்கே 2024இல் சம்பூரில் பெண்களைப் பிடித்தார்கள். முதலில் அடித்தவன் கணக்குச் சொல்லட்டும். பிறகு பார்க்கலாம் நாங்கள்.

சோனகதெரு (யாழ்ப்பாணம் / புத்தளம்)

அண்ணை, 'பிறகு பார்க்கலாம்' என்பதை எங்கள் ஆட்கள் 1990இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பனங்கூடல் (ஊர் எழுத விருப்பமில்லை)

செவ்விளநீர் நல்லூரில் இருந்து எழுதுகிறார், நல்லது. நானும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதி பார்த்து மறிக்காமல் உள்ளே விடச் சொல்லி நின்றவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். அவரை அடித்தவர்களும் தமிழர்தான், திருநீறு பூசின தமிழர். அதற்குப் பதினொரு வருசம் முன்னமே, 1957இல், சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தும் தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கோப்பை, எங்களுக்குப் போத்தல்தான். 1995 இடம்பெயர்வில் எல்லோரும் அகதி, எல்லோருக்கும் ஒரே மழை. ஆனால் தென்மராட்சியில் ஒரு வீட்டுக் கிணற்றில் அம்மாவை அள்ள விடவில்லை, அவர்கள் அள்ளி ஊற்றினார்கள். அம்மாவுக்கு ஆமியைக் கண்டால் பயம். கிணற்றடியில் நிற்கிற பெண்களைக் கண்டால் இன்றைக்கும் அதைவிடப் பயம். மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த சனத்தை இங்கே என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நான் எழுத மாட்டேன், எல்லோருக்கும் தெரியும்.

தெற்கில் பூவரசின் மகனுக்கு விழுந்த பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதே பிள்ளையின் வீட்டில் எனக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி வரும் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

தட்டிவான் (உடுவில்)

பனங்கூடல், நான் படிப்பித்த பாடசாலையில் உங்கள் ஆட்களின் பிள்ளைகளைக் கடைசி வாங்கில் இருத்தின காலம் எனக்குத் தெரியும். கூட எழுத வரவில்லை.

பூவரசு (கோண்டாவில்)

சில நாட்கள் எழுதவில்லை. வீட்டில் கொஞ்சம் கதை நடந்தது.

அம்மாவை நேராகக் கேட்கவில்லை. கிணற்றடி தனிமடலில் சொன்ன மாதிரி, வெள்ளவத்தை வீட்டில் எந்தப் பக்கம் குசினி என்று கேட்டேன். அங்கேயிருந்து தொடங்கினா. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இவர்களைத் தன் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வந்தவர்களிடம் 'அவர்கள் நேற்றே போய்விட்டார்கள்' என்று சத்தியம் பண்ணினாவாம். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று அழுதா. இத்தனை வருசத்தில் அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு சொல் எங்களுக்கு வந்ததில்லை. 'எரிச்சாங்கள், வெட்டினாங்கள்' மட்டும்தான் வந்தது. என் மகன் வாசல்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அதைவிடக் கஷ்டமான பகுதி இனித்தான். எங்கள் விறாந்தையில் ஒரு சிங்கர் தையல் மெஷின் இருக்கிறது. என் பாடசாலைச் சட்டை முழுக்க அதில்தான் தைத்தது. சோனகதெரு எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு மெஷினைப் பார்த்தா. 1991இல் மலிவாக வாங்கினது. முஸ்லிம் வீடுகளில் விட்டுப்போன சாமான்கள் விலைக்கு வந்தபோது வாங்கினது. "83ல எங்கட சாமானையும் ஆரோ இப்பிடித்தான் வாங்கியிருப்பாங்கள் எண்டு அப்பவே நினைச்சனான். நினைச்சும் வாங்கினனான், பிள்ளையளுக்குச் சட்டை இல்லை" என்றா.

எனக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. செவ்விளநீர் அண்ணை, இதை எழுதினால் 83 சின்னதாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மகன் அன்றைக்கு இரவு கேட்டது இதுதான்: "அப்ப எங்களைக் கொட்டியா எண்டு சொன்ன பெடியன்ர வீட்டிலையும் ஏதோ சொல்லாம இருக்கோ?"

சோனகதெரு (யாழ்ப்பாணம் / புத்தளம்)

அக்கா, அது எங்கள் மெஷினாக இருக்க வேண்டுமென்பதில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ தையல் கடை. ஆனால் வாப்பாவிடம் சொன்னேன். 'கால் மிதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது' என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரியாது. படம் ஒன்று அனுப்பினால் காட்டுகிறேன். திருப்பித் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செவ்விளநீர் (நல்லூர்)

நான் சொன்னதை மாற்றவில்லை. தனிவீட்டு மெஷினும் அரசாங்கம் செய்த கொலையும் ஒரே தராசில் வராது.

பனங்கூடல் (ஊர் எழுத விருப்பமில்லை)

ஒருவரும் ஒரே தராசில் வைக்கவில்லை.

கச்சான் (திருநெல்வேலி)

நான் கேட்க நினைத்தது வேறு. பிள்ளைக்கு எந்த வயதில் இதெல்லாம் சொல்வது? என் மகளுக்குப் பத்து.

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

வயதைவிடப் பிள்ளை என்ன கேட்கிறது என்று பாருங்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், கேட்காத கோரத்தைக் கொட்டாதீர்கள். பத்து வயதுக்கு "தாத்தாவைத் தமிழர் என்பதற்காக யூனிவர்சிற்றியில் எடுக்கவில்லை, அந்தக் கவலையில் அவர் என்னை அடித்தார், நான் உன்னை அடிக்க மாட்டேன்" என்பது போதும். கடைசி வசனத்தைக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

பெரியவர்களைக் கேட்பதென்றால் இரவில் கேட்காதீர்கள். குசினி, மாடு, மா அரைத்த இடம், யார் பக்கத்தில் நடந்து வந்தார்கள் என்று கேளுங்கள். கை நடுங்கத் தொடங்கினால் நிற்பாட்டி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, இன்றைய விசயம் ஒன்றைக் கதையுங்கள். ஜெபமோ, திக்ரோ, தேவாரமோ, அவரவர் பழகினதைச் சொல்லி மூச்சை ஆறவிடுவது உண்மையிலேயே உதவும். இங்கே உளநல வேலையில் பல வருசமாகப் பயன்படுத்துகிற வழி அது. சாகிற எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம். 1926 தேசிய உளநல இலக்கம், தமிழிலும் கதைக்கலாம்.

பூவரசு அக்கா, மகனைப் பயிற்சிக்குப் போ என்று தள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பயிற்றுநரோடு நீங்கள் கதையுங்கள். பிள்ளையின் காலில் ஒன்றுமில்லை. பெரிய மனிதர் ஒருவர் கேளாத மாதிரி நின்றதுதான் அவனுக்கு நோகிறது.

மயிலிட்டியான் (மல்லாகம்)

அப்பா இரவில் எழும்பி நடக்கிறார். காணி தரட்டும், பிறகு வருகிறேன் என்கிறார், கிளினிக் என்றாலே கத்துகிறார். அவர் வரமாட்டார். எனக்கும் கொஞ்ச நாளாக நித்திரை இல்லை. நான் தனியாக வருவதென்றால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் எங்கே போய்க் கேட்பது? விதானையாரின் கடிதம் ஏதும் வேண்டுமா?

கிணற்றடி (யாழ்ப்பாணம்)

கடிதம் ஒன்றும் வேண்டாம், காசும் இல்லை. காலையில் நேரத்தோடு போய் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுங்கள். நித்திரை இல்லை, மனநலப் பிரிவில் காட்ட வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள், தலையிடி என்று சொன்னால் பனடோல் தந்து அனுப்பிவிடுவார்கள். அப்பாவைப் பற்றியும் அங்கேயே சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் வீட்டுக்கு வந்து பார்க்க வழி இருக்கிறதா என்று கேட்கலாம். உறுதியின் பிரதி ஒன்றையும் கொண்டு வாருங்கள். அது கிளினிக்குக்கு இல்லை, காணி வழக்குப் பார்க்கிற ஒரு சட்டத்தரணியைத் தெரியும், அவரிடம் காட்டத்தான்.